பாரோ, பதினெட்டாவது முறை

பாரோவில் பதினேழு முறை செத்திருக்கிறேன்.
பெரும்பாலும் செவ்வாய் இரவுகளில்,
தெம்பனிஸ் ஒன்பதாம் மாடியில்,
மேசையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை நகர்த்திவிட்டு.

முதல் தடவை மேகத்துக்குள், மலை இருப்பது தெரியாமல்.
நாலாவது தடவை, தெரிந்தும்.
ஒன்பதாவது தடவை நிறைமதி கதவைத் திறந்து
"அப்பா, வைஃபை போச்சு" என்றாள்.
எனக்கு இறக்கையே போச்சு.

ஆரம்பத்தில் சாங்கியில்தான் இறங்கிப் பழகினேன்.
கடல்மேல் கயிறு கட்டியதுபோல் நேராக வரலாம்.
கப்பல்கள் வரிசையில் நிற்கும்,
விளக்குகள் வரிசையில் எரியும்.
தப்புச் செய்ய இடமே இல்லை.
நூற்று அறுபத்து மூன்று மீட்டரை
மலை என்று கூப்பிடும் ஊர் இது;
புக்கிட் தீமா உச்சிக்குச் சிலிப்பரோடு போய் வந்திருக்கிறேன்.

பாரோ வேறு.
பள்ளத்தாக்கு முழங்கைபோல் மடங்கும்.
ஓடுபாதை கடைசிவரை முகம் காட்டாது.
அடையாளம் ஒன்றே ஒன்று:
சரிவில் ஒரு சிவப்புக் கூரை வீடு.
அதை இடிக்கப் போவதுபோலவே போக வேண்டும்.
இடித்துவிடுவோம் என்று வயிறு சொல்லும் நொடியில்
இறக்கையைச் சாய்க்க வேண்டும்.
அரை மூச்சு முந்தினால் எதிர் மலை.
அரை மூச்சு பிந்தினால் அந்த வீட்டு அடுப்படி.
பதினொரு தடவை அடுப்படி.

"டெரெய்ன், டெரெய்ன்" என்று இயந்திரம் கத்தும்.
பதற்றத்தில் பெடலை ஓங்கி மிதிப்பேன்.
கீழ்வீட்டு மேடம் கோ
விளக்குமாற்றுக் கட்டையால் தன் சீலிங்கை
இரண்டு தட்டுத் தட்டுவார்.
எனக்கு வாய்த்த கட்டுப்பாட்டுக் கோபுரம்
எனக்குக் கீழே இருக்கிறது.

"பகலெல்லாம் இறக்குறது போதாதா?"
எழிலி ஒருநாள் கேட்டாள்.

பகலில் பாசிர் பாஞ்சாங்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு,
கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை,
அதற்குக் கீழே கம்பி வடத்தில் முப்பது டன்.
மணிக்கு முப்பது பெட்டி. திரை எண்ணும்.
இருபத்தாறு என்றால் யாரும் திட்டமாட்டார்கள்.
திங்கட்கிழமைத் தாளில் பெயருக்கு எதிரே
இருபத்தாறு என்று இருக்கும், அவ்வளவுதான்.
பதினான்கு வருடத்தில் ஒரு பெட்டியையும் நழுவவிட்டதில்லை.
நழுவவிட்டவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று
யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

பதினெட்டாவது முறை.
சிவப்புக் கூரை வந்தது. வயிறு சொன்னது.
சாய்க்கவில்லை.
விசையை முழுக்கத் தள்ளி மூக்கைத் தூக்கினேன்.
வீடும் வயலும் ஓடுபாதையும் ஒன்றாகக் கீழே நழுவின.
வெறும் வானம்.
இதை இறங்கியதில் சேர்ப்பதா, செத்ததில் சேர்ப்பதா?
என் நோட்டில் இரண்டே கட்டம்தான் போட்டிருந்தேன்.

வியாழன் விடிகாலை சுமத்ராவிலிருந்து சூறை வந்தது.
தளத்துக்குப் பத்தடி மேலே பெட்டி ஆடியது,
கீழே ஜஹாங்கீர் கை நீட்டியபடி.
வழக்கமாக ஆட்டத்தின் போக்கிலேயே போய்
ஒரே அமுக்கில் அமர்த்திவிடுவேன்.
கை தானாகப் பின்னால் இழுத்தது.
பெட்டி ஏறியது.
ஜஹாங்கீர் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தார்.

"என்னாச்சு?" வாக்கிடாக்கி.
"சுத்திட்டு வரேன்" என்றேன்.
எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
கிரேனில் ஏது சுற்று?

இருபத்து நான்கு, அந்த மணிக்கு.

இன்று இரவு இறங்கும் எண்ணமில்லை.
சும்மா மெதுவாக அந்த வீட்டை நோக்கிப் போகிறேன்.
"பூட்டான்ல மிளகாயக் கூரையிலதான் காயவைப்பாங்களாம்"
துணி மடித்தபடி எழிலி சொன்னாள்.
அப்படியென்றால் அது பெயின்ட் இல்லையோ?
நெருங்க நெருங்கச் சிவப்பு
கட்டம் கட்டமாக உடைகிறது.
சொல்லத் தெரியவில்லை.

கீழே இன்னும் விளக்கு எரிகிறது போல.
பெடலிலிருந்து காலை எடுத்துக்கொள்கிறேன்.